ரயிலுக்கு அடியில் கேமரா: கீமேன் இனி நடக்க வேண்டாமா?

தடம்பார்ப்பவன்

பக்கத்து இழையில் ஒரு நண்பர், "ரயிலுக்கு அடியில் கேமரா மாட்டியாச்சு, இனி தண்டவாளத்தில் ஆள் நடந்து பார்க்கிற வேலையே இல்லை" என்று எழுதியிருந்தார். அப்படித் தினமும் நடந்து பாதையைப் பார்க்கிற ஊழியரைத்தான் கீமேன் என்பார்கள். 2025-ல் ரயில்வே அமைச்சர் புது டெல்லி நிலையத்தில் பார்வையிட்ட ஐடிஎம்எஸ் (ஒருங்கிணைந்த தடக் கண்காணிப்பு முறை) பெட்டியைப் பற்றிய பேச்சு அது. கேமரா, லேசர், அதிர்வுமானி எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கிறது. தண்டவாளத்தைத் தொடாமலே 200 கி.மீ. வேகம் வரை அளக்கும். நல்ல விஷயம்தான், நானும் வரவேற்கிறேன். ஆனால் அவர் எழுதியதைப் படித்ததும் எனக்கு கிரேரிக் விபத்துதான் ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் தனி இழை.

இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதி. 2007 பிப்ரவரி 23, இரவு எட்டேகால் மணி. லண்டனில் இருந்து கிளாஸ்கோ போன பெண்டோலினோ ரயில், 150 கி.மீ. வேகத்தில் ஒரு பாயிண்ட் மேல், அதாவது ரயிலை ஒரு பாதையில் இருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் அமைப்பின் மேல், ஏறியதும் தடம் புரண்டது. ஒரு மூதாட்டி இறந்துபோனார், பலருக்குப் பலத்த காயம். பாயிண்டில் நகர்ந்து கொடுக்கும் இரண்டு டங் ரெயிலையும் சரியான இடைவெளியில் பிடித்து வைத்திருக்கும் ஸ்ட்ரெச்சர் பார்கள் கழன்றும் உடைந்தும் போயிருந்தன. பிப்ரவரி 18-ம் தேதி ஒருவர் நடந்து போய்ப் பார்த்திருக்க வேண்டிய இடம் அது. அந்தப் பார்வை விட்டுப்போனது.

என்னைத் தூங்கவிடாத பகுதி இனிமேல்தான். விபத்துக்கு இரண்டு நாள் முன்பு, 21-ம் தேதி, அங்கே பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயில் நிறுவனத்தின் மஞ்சள் நிற அளவீட்டு ரயில் அதே பாயிண்ட் மேல் போயிருக்கிறது. கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. விபத்துக்குப் பிறகு அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தால், இருக்க வேண்டிய பார் ஒன்று இடத்தில் இல்லை! பாயிண்ட்டைச் சோதிப்பது அந்த ரயிலின் வேலை இல்லை. வீடியோவை அன்றன்று உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடும் கிடையாது. கேமரா பார்த்துவிட்டது, மனிதர் யாரும் பார்க்கவில்லை.

படம் எடுத்த பிறகு அது யார் கைக்குப் போகிறது, அவர் எத்தனை மணி நேரத்தில் எழுந்து போகிறார்? எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். துறையில் இருப்பவர்கள், இருந்தவர்கள் பேசுங்கள்.

---

பிக்சல்பாண்டி

நான் ரயில்வே இல்லை. துணி ஆலைகளுக்குக் கேமரா வைத்துத் தருகிறவன். ஓடுகிற துணியில் நூல் அறுந்த இடம், எண்ணெய்க் கறை எல்லாம் கண்டுபிடிக்கிற சாதனம். தண்டவாளத்துக்குப் பயன்படுத்துவதும் கிட்டத்தட்ட அதே வகைதான், லைன் ஸ்கேன் கேமரா. முழுப் படமாக எடுக்காது. ஜெராக்ஸ் மெஷினில் வெளிச்சக் கோடு நகருமே, அதுபோல ஒரே ஒரு கோட்டை மட்டும் படிக்கும். ரயில் நகர நகர அடுத்தடுத்த கோடுகளை ஒட்டினால் நீளமான ஒரே படம் கிடைத்துவிடும். எப்போது ஒரு கோடு எடுக்க வேண்டும் என்பதைச் சக்கர அச்சில் மாட்டிய, சுழற்சியை எண்ணுகிற என்கோடர் சொல்லும். ரயில் மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் படம் இழுபடாது.

கொஞ்சம் கணக்கு. 130 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 36 மீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வேண்டுமென்றால் வினாடிக்கு 36,000 கோடு. ஃபோன் கேமரா ஆயிரத்தில் ஒரு வினாடி திறந்திருந்தால் அதற்குள் ரயில் 3.6 செ.மீ. நகர்ந்துவிடும். தண்டவாளத்தை அடிக்கட்டையோடு பிடித்திருக்கும் கிளிப் கம்பியின் தடிமனே ஏறத்தாழ 2 செ.மீ.தானே, படத்தில் வெறும் புகையாகத்தான் தெரியும். அதனால் ஒளிபடும் நேரம் வினாடியில் லட்சத்தில் சில பங்குதான் இருக்க முடியும். அவ்வளவு குறைந்த நேரத்தில் படம் விழ வேண்டுமானால் வெயிலையே அமுக்குகிற அளவுக்கு எல்இடி அல்லது லேசர் வெளிச்சம் வேண்டும். அடியில் கேமரா மாட்டுவது சுலபம். அந்த வெளிச்சத்தையும், தூசும் ஜல்லித் துணுக்கும் அடிக்கிற இடத்தில் கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருப்பதையும்தான் நான் கஷ்டம் என்பேன்.

தகவலின் அளவையும் சொல்லிவிடுகிறேன். கிலோமீட்டருக்குப் பத்து லட்சம் கோடு, கோட்டுக்கு 2,048 புள்ளி. சுருக்காமல் வைத்தால் ஒரு கேமராவுக்கு 2 ஜிபி. நாலு கேமரா, 300 கி.மீ. ஓட்டம் என்றால் 2,400 ஜிபி. மனிதர் உட்கார்ந்து பார்க்கவே முடியாது, மென்பொருள்தான் முதலில் சலிக்க வேண்டும்.

---

ஜல்லிமேடு

பி.வே. (பாதைப் பராமரிப்பு) பிரிவில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிராலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதைவிட அதிகமாக நடந்து பார்த்திருக்கிறேன்.

தம்பி பாண்டியின் கணக்கோடு என் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிராட்கேஜ் மெயின் லைனில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை. ஒவ்வொன்றிலும் நாலு கிளிப், ஆக 6,640. கீமேன் பீட், அதாவது ஒருவருக்கு ஒதுக்கிய தூரம், ஐந்தாறு கிலோமீட்டர் என்றால், ஒரு மனிதர் தினமும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிளிப்பைக் கண்ணால் தொட்டுக்கொண்டு போகிறார். சித்திரை வெயிலில், மூன்றாவது கிலோமீட்டரில், கண் தவறத்தான் செய்யும். அதில் கேமராவை எந்த மனிதராலும் ஜெயிக்க முடியாது, நான் மனதார ஒத்துக்கொள்கிறேன். கிளிப் இல்லை, இரண்டு தண்டவாளத்தை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டில் போல்ட் இல்லை, ஸ்லீப்பர் வெடித்திருக்கிறது, ஜல்லி சரிந்திருக்கிறது, தண்டவாளத் தலையில் சக்கரம் வழுக்கிய தழும்பு இருக்கிறது, இதெல்லாம் அதற்குச் சுலபம்.

ஆனால் கடலோரப் பாதைகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'லைனர் பைட்' தெரிந்திருக்கும். கிளிப்புக்கும் தண்டவாளத்தின் பாதத்துக்கும் நடுவில் லைனர் என்று ஒரு தகடு. உப்புக்காற்றில் அந்தத் தகட்டுக்கு அடியில் துரு உட்கார்ந்து பாதத்தை அரிக்கும். மேலே நின்று பார்த்தால் கிளிப் அழகாக உட்கார்ந்திருக்கும், லைனரும் இருக்கும். கிளிப்பைக் கழற்றி லைனரைத் தூக்கினால் கட்டெறும்பு கடித்த வெல்லம் மாதிரி பாதத்தின் ஓரம் தின்றுபோயிருக்கும். அங்கேதான் பின்னால் முறியும். எந்தக் கேமராவுக்கும் இது தெரியாது. கழற்றிப் பார்த்து, துரு சுரண்டி, கிரீஸ் வைத்து மாட்டுகிற கை வேண்டும்.

தண்டவாளத்தின் வயிற்றுக்குள் இருக்கும் விரிசலும் அப்படித்தான், அதற்கு அல்ட்ராசோனிக் சோதனை. நீள் பற்றவைப்புத் தண்டவாளத்தில் வெயிலுக்கு ஏறும் அழுத்தமும் படத்தில் விழாது. காலை ஏழு மணிக்குக் கேமரா ரயில் போனபோது நேராக இருந்த பாதை மத்தியானம் இரண்டு மணிக்கு நெளியலாம். அதனால்தான் கோடையில் வெப்ப ரோந்து என்று தனியாக ஆள் போடுகிறோம்.

---

கீமேன்மகள்

நடந்து பார்ப்பதை ஏதோ பழைய காலத்துச் சடங்கு மாதிரி பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

என் அப்பா கீமேன். போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது. தோளில் சுத்தியல், ஸ்பேனர், பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்தென்றால் சத்தத்தில் ரயிலை எச்சரிக்கிற டெட்டனேட்டர், கூடவே நாலைந்து கிளிப். சின்ன வயதில் ஒரு லீவு நாளில் கேட் வரைக்கும் கூட நடந்திருக்கிறேன். கிளிப் தளர்ந்திருந்தால் சுத்தியல் தட்டும்போது வருகிற சத்தமே வேறாக இருக்கும். இறுகின கிளிப் 'ணங்' என்று நிற்கும், தளர்ந்தது கொஞ்சம் அதிர்ந்து சலசலக்கும். கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று என்னைச் சொல்லச் சொல்லுவார். பத்தில் ஏழு சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

அதே நேரம் இன்னொன்றும் உண்மை. அப்பா வீட்டுக்கு வரும் வரை அம்மா சாப்பிட மாட்டார். வளைவில், எதிர்க்காற்றில், பக்கத்து லைனில் கூட்ஸ் கடகடக்கும்போது பின்னால் வருகிற எக்ஸ்பிரஸ் காதில் விழாது. அவருக்குத் தெரிந்த இரண்டு பேரை அப்படித்தான் இழந்தோம். கேமரா வந்தால் அவர் நடக்கிற தூரம் குறையும் என்றால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். வேலையே போய்விடுமா என்று அப்பா கேட்கிற கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

---

தடம்பார்ப்பவன்

சகோதரி, உங்கள் அம்மா சாப்பிடாமல் காத்திருந்தது மனதைப் பிசைகிறது. பிரிட்டனிலும் இந்தக் காரணம் பெரிதாகப் பேசப்பட்டது. 2019 ஜூலை 3-ம் தேதி வேல்ஸில், மார்கம் என்ற இடத்தில், பாதையில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் மேல் ரயில் மோதி இறந்தார்கள். ரயில் ஓடுகிற பாதையில் ஆளை இறக்குவதையே குறைக்க வேண்டும் என்கிற அழுத்தம் அதற்குப் பிறகு கூடிவிட்டது.

அந்த மஞ்சள் ரயிலின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2000 அக்டோபர் 17 அன்று ஹாட்ஃபீல்டில் தண்டவாளம் துண்டு துண்டாக நொறுங்கி நாலு பேர் இறந்தார்கள். சக்கரம் உருண்டு உருண்டு தலையின் ஓரத்தில் வந்த களைப்பு விரிசல்கள்தான் காரணம். 2003-ல் பழைய அதிவேக டீசல் ரயில் ஒன்றை மாற்றி அளவீட்டு ரயிலாக ஓடவிட்டார்கள், மணிக்கு 200 கி.மீ. பின்னாளில் அடியில் லைன் ஸ்கேன் கேமராக்கள் வைத்து, காணாமல் போன கிளிப்பை மென்பொருளே கண்டுபிடிக்கும் முறை வந்தது. அதன் பெயரிலேயே 'வெறும் பாதை' என்கிற சொல் இருக்கிறது. அதாவது பாயிண்ட், கிராசிங் (தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடம்) இல்லாத பாதைக்கு மட்டும். கிரேரிக் பாடத்தை வைத்துப் பார்த்தால் அந்த ஒரு சொல் எவ்வளவு நேர்மையானது! எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்கவில்லை என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் கொண்டுவரும்போதும் இந்த எல்லைக்கோட்டை முதலில் எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் கட்சி.

---

இரவுவண்டி

லோகோ பைலட். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஓர் இடத்தில் வண்டி வழக்கத்துக்கு மாறாகத் தூக்கிப் போட்டால், 'ஜெர்க்' என்று கிலோமீட்டர் எண்ணோடு அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்கிறோம். பின்னால் வருகிற வண்டிக்கு வேகக் கட்டுப்பாடு போடுவார்கள், பி.வே. ஆள் போய்ப் பார்ப்பார். படமே இல்லாத முறை இது, ஆனால் ஒவ்வொரு வண்டியும் ஓர் அளவீட்டு வண்டி. ஐடிஎம்எஸ் மாதிரி தனிப் பெட்டி ஓர் இடத்துக்குத் திரும்ப வரச் சில மாதம் ஆகலாம். கிளிப் கழன்றது அது போன மறுநாள் என்றால்?

அதனால் தனி ரயிலைவிட, ஓடுகிற பயணிகள் ரயிலிலேயே கேமரா மாட்டுவதுதான் சரி என்பேன். ஜப்பானில் ஜேஆர் ஈஸ்ட் என்ற ரயில் நிறுவனம் 2013-ல் டோக்கியோவின் கெய்ஹின் தோஹோகு பாதையில், தினசரி மக்கள் ஏறி இறங்குகிற ரயிலுக்கு அடியிலேயே வைத்துச் சோதித்தார்கள். 2018-ல் இருந்து மற்ற பாதைகளுக்கும் கொண்டுபோனார்கள். டாக்டர் யெல்லோ தெரியும்தானே, ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயில் பாதையைச் சோதிக்கிற மஞ்சள் ரயில். ஏறத்தாழ பத்து நாளைக்கு ஒருமுறை ஓடும், பார்த்தாலே அதிர்ஷ்டம் என்று குழந்தைகள் காத்திருப்பார்கள். ஜேஆர் சென்ட்ரல் தன்னுடையதை 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அந்த வேலையை இனி என்700எஸ் பயணிகள் ரயில்களே செய்யப்போகின்றன.

---

சிக்கனவாதி

எல்லாம் சரி, இவ்வளவு செலவு எதற்கு? இன்ஜின் முன் கண்ணாடியில் ஒரு நல்ல கேமரா ஒட்டினால் ஆகாதா? கார்காரர்கள் எல்லாம் டேஷ்கேம் வைத்திருக்கிறார்களே.

---

பிக்சல்பாண்டி

முன்பக்கக் கேமராவுக்கும் வேலை உண்டு, ஒதுக்கித் தள்ள வேண்டாம். செடி வளர்ந்து சிக்னலை மறைப்பது, மழையில் கரை அரித்திருப்பது, பாதையோரத்தில் யாரோ மண் கொட்டியிருப்பது, இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் சாய்வாகப் பார்ப்பதால் தண்டவாளத்தின் வெளிப்பக்கக் கிளிப்பைத் தண்டவாளமே மறைத்துக்கொள்ளும். இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் எதுவும் நிச்சயமில்லை. கிளிப், போல்ட், விரிசல் என்றால் மேலிருந்து நேர்க்குத்தாக, சொந்த வெளிச்சத்தோடு பார்க்கிற கேமராதான்.

---

ஜல்லிமேடு

பாயிண்ட், கிராசிங் பற்றித் தடம்பார்ப்பவன் சொன்னதற்கு ஒரு துணைச் சாட்சி. 2013 ஜூலை 12, பாரிஸுக்குத் தெற்கே பிரெட்டினி நிலையம். கிராசிங்கில் நாலு போல்ட் போட்ட ஃபிஷ் பிளேட். மூன்று போய், மிச்சமிருந்த நாலாவதைச் சுற்றிப் பிளேட் திரும்பி, சக்கரம் போகிற சந்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஏழு உயிர். எட்டு நாள் முன்புதான் நடந்து போய்ச் சோதித்திருந்தார்கள். ஆக, 'ஆள் நடந்து பார்த்தால் போதும்' என்று நம் பக்கத்திலும் யாரும் நெஞ்சைத் தட்ட முடியாது. பொருத்தின போல்ட்டின் தலையில் வருகிற விரிசலை மேலிருந்து எடுத்த படமும் உறுதியாகச் சொல்லாது. போல்ட் போன பிறகுதான் சொல்லும். மூன்று போவதற்குள், முதல் போல்ட் போன அன்றே ஒரு படம் வந்து விழுந்திருந்தால்? பயணிகள் ரயிலில் கேமரா என்று லோகோ பைலட் தம்பி சொல்வதை அதனால்தான் நான் ஆதரிக்கிறேன்.

கேமராவுக்குச் சம்பந்தமே இல்லாத விபத்தும் உண்டு. 2017 ஆகஸ்ட் 19, உத்தரப் பிரதேசத்தின் கதௌலி, உத்கல் எக்ஸ்பிரஸ். பிளாக் கிடைக்காமலே பாதையில் வேலை நடந்துகொண்டிருந்தது, அதன் மேல் முழு வேகத்தில் வண்டி வந்துவிட்டது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று காலை எத்தனை கேமரா போயிருந்தாலும், பிளாக் இல்லாமல் வேலை நடக்கப்போவதை அது சொல்லியிருக்காது.

பிளாக் என்ற சொல்லை எடுத்ததும் எனக்குப் பேச்சு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்தை நிறுத்தி, வேலைக்கு என்று பாதையைக் கொடுக்கிற நேரம் அது. நான் பணியில் இருந்த ஒரு பிரிவில், அளவீட்டு வண்டி வந்துபோன மறுநாள் ஒரு கத்தைத் தாள் வரும். எல்லாம் சரியான குறைகள்தான், பொய்யில்லை. மூன்று மணி நேரம் பிளாக் கேட்டால் ஒரு மணி நேரம் கிடைக்கும், சில நாள் அதுவும் இல்லை. பாதை வேலை செய்கிற கேங்கில் பாதி இடம் காலி. எந்தக் குறையை முதலில் எடுப்பது என்று தாளை வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்திருப்பேன். தாளில் மேலே இருந்ததைச் சரி செய்யப் போய், கீழே இருந்தது பெரிதாகி நின்ற நாளும் உண்டு. நல்லவேளையாக ஜெர்க் ரிப்போர்ட் கொடுத்து ஒரு லோகோ பைலட் காப்பாற்றினார். கேமரா வந்தால் அந்தக் கத்தை பத்து மடங்காகும். பிளாக்கும் கேங்கும் அதே அளவில் இருந்தால், தெரிந்தும் சரி செய்யாமல் விட்ட குறைகளின் பட்டியல்தான் நீளும். விபத்து விசாரணையில் அந்தப் பட்டியலோடு கூண்டில் நிற்பவர் அந்தப் பிரிவின் எஸ்எஸ்இ (மூத்த பிரிவுப் பொறியாளர்). இதைப் பேசாமல் கேமராவை மட்டும் கொண்டாடுவது எனக்குச் சம்மதமில்லை.

---

தடம்பார்ப்பவன்

ஐயா, நான் இழை ஆரம்பித்ததே இதைக் கேட்கத்தான். கேமராவுக்கு ஒதுக்குகிற பணத்தோடு, அது சொல்லும் குறையைத் தீர்க்கிற பிளாக் நேரமும் ஆளும் அதே உத்தரவிலேயே இருக்க வேண்டும். இன்ன வகைக் குறை வந்தால் இத்தனை மணி நேரத்துக்குள் ஆள் போக வேண்டும், போக முடியாவிட்டால் அதுவரை இன்ன வேகம், அதற்குக் கையெழுத்துப் போடுகிறவர் இவர். இதெல்லாம் கேமரா மாட்டுவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

பாண்டியிடம் ஒரு கேள்வி. குறை இருக்கிற இடத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும்? ஜிபிஎஸ் பத்து மீட்டர் தவறினால், ஐயா கணக்குப்படி 66 கிளிப்பில் எது என்று தேட வேண்டுமே.

---

பிக்சல்பாண்டி

ஜிபிஎஸ் மட்டும் என்றால் அப்படித்தான், மரம், வெட்டுப்பள்ளம், பாலத்தின் அடியில் இன்னும் மோசம். என்கோடர் தூரத்தையும் சேர்த்து, கிலோமீட்டர் கல், மின்கம்பம் இரண்டையும் நங்கூரமாக வைத்தால் ஸ்லீப்பர் கணக்குக்கு இறங்கலாம். கம்பத்தில் இருந்து எத்தனையாவது ஸ்லீப்பர், எந்தத் தண்டவாளம், உள்பக்கமா வெளிப்பக்கமா என்று சொல்லிவிட்டால் கீமேனுக்குப் போதும்.

பொய் எச்சரிக்கைதான் எனக்குப் பயம். ஜல்லி கிளிப்பை மூடியிருந்தால் 'கிளிப் இல்லை' என்று சொல்லும். புல், காகிதம், கிரீஸ் படிந்த கருப்பு, எல்லாமே அதைக் குழப்பும். பத்து முறை வெயிலில் போய் ஒன்றுமில்லாமல் திரும்பியவர் பதினோராவது முறை மெதுவாகத்தான் போவார், அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்திலும் மென்பொருள் சந்தேகப்பட்ட படத்தைப் பயிற்சி பெற்ற ஆய்வாளர் பார்த்த பிறகுதான் பாதைக்கு ஆள் போகிறார்.

கீமேன்மகள், உங்கள் அப்பாவிடம் ஓர் உதவி கேட்கலாமா? பயிற்சிக்கு வைத்திருக்கும் பொதுப் படம் ஒன்றை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஸ்லீப்பரில் ஒரு கிளிப் இல்லை. எங்கள் மென்பொருள் 'இல்லை' என்று சொன்னதோடு நின்றுவிட்டது. அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

---

கீமேன்மகள்

அப்பாவிடம் காட்டினேன், அண்ணா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இது ரெண்டு நாளுக்குள்ள போன கிளிப்பு. கிளிப்பு அழுத்தின இடம் லைனர்ல பளபளன்னு இருக்கு பாரு, துரு ஏறல. பழசா போயிருந்தா அந்த இடமும் பழுப்பாயிருக்கும். அப்புறம், அடுத்த ஸ்லீப்பர்ல இருக்கிற கிளிப்பு போகல, ஆனா வெளிய நகந்திருக்கு. காலுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைக் கோடு தெரியுது, அவ்வளவு தூரம் பின்னால வந்திருக்கு. அதையும் இன்னைக்கே அடிக்கணும். அதுக்கு முந்தினது என்ன நிலைமைன்னு இந்தப் படத்துல இல்ல, முன்னாடி பத்து, பின்னாடி பத்து ஸ்லீப்பர் காட்டச் சொல்லு."

அப்புறம் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இந்த மாதிரி படம் காலைல ஆறு மணிக்கு என் கைல கிடைச்சா, நான் நேரா அங்க போவேன்" என்றார்.

---

பிக்சல்பாண்டி

அந்த வெள்ளைக் கோட்டை நான் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிழல் என்று நினைத்து, மென்பொருளை அதைப் புறக்கணிக்கும்படி நானே பழக்கியிருந்தேன்.

இன்றே மாற்றுகிறேன். 'இருக்கிறது', 'இல்லை' என்ற இரண்டோடு 'நகர்ந்திருக்கிறது' என்று மூன்றாவது வகை. லைனரில் பளபளப்பா பழுப்பா என்பதற்குத் தனிக் குறிப்பு. குறை உள்ள ஸ்லீப்பரோடு முன்னும் பின்னும் பத்துப் பத்து. முன்னூறு படம் தேர்ந்தெடுத்து வைக்கிறேன். அப்பாவுக்கு ஓய்வு நாள் எது என்று கேட்டுச் சொல்லுங்கள், படங்களோடு நானே நேரில் வருகிறேன். ஜல்லிமேடு ஐயாவும் வந்தால், லைனர் பைட் இருந்த இடங்களில் மேலே ஏதாவது அடையாளம் தெரியுமா என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

---

ஜல்லிமேடு

வருகிறேன் தம்பி. கழற்றி வைத்த பழைய லைனர் நாலைந்து வீட்டில் கிடக்கிறது, எடுத்து வருகிறேன்.